விவாகரத்து, குழந்தைக் காவல் வழக்கு: வக்கீல் பிடிப்பதும் செலவைச் சமாளிப்பதும்

முதல் வக்கீலிடம் 40,000 ரூபாய் மொத்தமாகக் கொடுத்திருந்தேன். ஐந்து மாதம் கழித்துத்தான் என் மனு நீதிமன்றத்தில் வழக்காகப் பதிவாகி நம்பரே விழவில்லை என்று தெரிந்தது. அதுவரை கேட்கும்போதெல்லாம் "போட்டாச்சும்மா, அடுத்த மாசம் வாய்தா வரும்" என்றுதான் பதில் வந்தது. அப்போது என் மகளுக்கு ஆறு வயது. தனியார் பள்ளியில் மாதம் 14,000 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்த்தேன். அந்த 40,000 அம்மாவின் வளையலை அடகு வைத்து வாங்கிய பணம்.

இந்த வழியில் புதிதாகக் கால் வைப்பவர்களுக்காக, நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இது தமிழ்நாட்டு நீதிமன்றங்களைப் பற்றியது. பெண்ணாக என் அனுபவத்திலிருந்து எழுதினாலும் பெரும்பாலானவை ஆண்களுக்கும் பொருந்தும். பொருந்தாத இடங்களில் சொல்லிவிடுகிறேன்.

1. வக்கீலைத் தேடும் முன், உங்களுடையது எந்த வழக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் விவாகரத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் 181 பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் மாவட்டத்தில் ஒரு பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவர் மூலமாகவே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகலாம். பாதுகாப்பு உத்தரவு, குடியிருக்கும் உரிமை, பராமரிப்புத் தொகை, குழந்தையின் தற்காலிகக் காவல் எல்லாவற்றையும் அந்த ஒரே மனுவில் கேட்க முடியும்.

அந்த நிலை இல்லையென்றால் இரண்டு வழிகள். இருவரும் ஒப்புக்கொண்டு பிரிவது ஒன்று, ஒருவர் மட்டும் வழக்குப் போடுவது இன்னொன்று. செலவும் காலமும் இதை வைத்தே மாறும்.

இந்து திருமணச் சட்டத்தில் பரஸ்பர சம்மதம் 13பி பிரிவு. ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்டு 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள், இருவரும் மறுபடி வந்து உறுதி சொல்ல வேண்டும். அந்த 6 மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. நீண்ட காலம் பிரிந்திருந்து, பணம், குழந்தை எல்லாம் பேசி முடித்தவர்கள் இதற்குத் தனி மனு போடலாம். தானாகக் கிடைக்காது, கேட்க வேண்டும்.

கிறிஸ்தவர்களுக்கு 1869 விவாகரத்துச் சட்டம். முஸ்லிம் பெண்கள் கேட்கும் விவாகரத்துக்கு 1939 சட்டம். பதிவுத் திருமணமோ கலப்புத் திருமணமோ சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் நடந்திருந்தால் அந்தச் சட்டம். உங்கள் சான்றிதழில் எந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

திருமணமாகி ஓராண்டு ஆகவில்லையென்றால் இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்து மனுவே போட முடியாது. மிகக் கடுமையான சூழ்நிலையில் மட்டும் நீதிமன்றம் அனுமதி தரும். "எட்டு மாசம்தான் ஆச்சு, பரவாயில்லை, போட்டுடலாம்" என்று யாராவது பணம் வாங்கினால் உஷாராகிவிடுங்கள்.

2. எந்த ஊரில் போடலாம் என்று பாருங்கள்

நான் அதிகம் பட்ட இடம் இது. நாங்கள் சென்னையில் குடியிருந்தோம். பிரிந்தபின் நானும் மகளும் திண்டிவனத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டோம். முதல் வக்கீல் சென்னைக்காரர். வழக்கைச் சென்னைக் குடும்ப நீதிமன்றத்தில்தான் போட முடியும் என்றார். நானும் விடியற்காலை நாலரைக்குப் பஸ் ஏறி, கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து பாரிமுனை வரை போய், பத்தரைக்கு உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்பேன். வேலையில் ஒரு நாள் சம்பளம் போகும். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

உண்மையில் இந்து திருமணச் சட்டம் 19ஆம் பிரிவின்படி பொதுவாக நான்கு இடங்களில் போடலாம்: திருமணம் நடந்த ஊர், எதிர்த்தரப்பு குடியிருக்கும் ஊர், கணவன் மனைவியாகக் கடைசியாக ஒன்றாக வாழ்ந்த ஊர், மனு போடுவது மனைவியாக இருந்தால் அவர் இப்போது குடியிருக்கும் ஊர். இந்த நான்காவது வழி 2003இல் சேர்க்கப்பட்டது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. இது மனு போடும் மனைவிக்கு மட்டும் உரிய வசதி, கணவர்களுக்குப் பொதுவாக முதல் மூன்றுதான்.

குடும்ப நீதிமன்றம் இல்லாத பகுதிகளில் சார்பு நீதிமன்றத்தில் எச்.எம்.ஓ.பி. (இந்து திருமண அசல் மனு) என்ற பெயரில் வழக்கு நடக்கும். உங்கள் ஊருக்கு எது என்பதை நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் அலுவலகத்திலேயே கேட்டுவிடலாம், காசு வேண்டாம்.

கணவர் முந்திக்கொண்டு வேறு ஊரில் போட்டுவிட்டாரா? மாநிலத்துக்குள் என்றால் உயர் நீதிமன்றத்திலும், வெளிமாநிலம் என்றால் உச்ச நீதிமன்றத்திலும் வழக்கை மாற்றக் கேட்கலாம். கைக்குழந்தை, வருமானமின்மை, தனியாகப் பயணம் செய்யும் சிரமம் இவற்றை எடுத்துச் சொல்ல வேண்டும். ஆனால் மாற்றல் மனு போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் அங்குள்ள வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். எக்ஸ்பார்ட்டி ஆக்கிவிடுவார்கள், அதாவது நீங்கள் இல்லாமலே வழக்கை முடித்துவிடுவார்கள்.

3. ஒரு ஆவணக் கட்டு தயார் செய்யுங்கள்

வக்கீலைப் பார்க்கும் முன்பே இதை முடித்தால் ஆலோசனைக் கட்டணம் மிச்சம். இரண்டு செட் ஜெராக்ஸ், ஒரு செட் ஸ்கேன் செய்து உங்கள் மெயிலில்.

திருமணப் பதிவுச் சான்றிதழ். பதிவு செய்யவில்லையென்றால் பத்திரிகை, கோயில் அல்லது மண்டப ரசீது, தாலி கட்டும் படம். இருவரின் ஆதார். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக் கட்டண ரசீதுகள், தடுப்பூசி அட்டை. உங்கள் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம். கணவரின் அல்லது மனைவியின் வருமானத்தைக் காட்டும் எதுவானாலும்: பழைய சம்பளச் சீட்டு, வீட்டுக் கடன் தாள், வருமான வரிக் கணக்கு. மருத்துவமனைச் சீட்டுகள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையத்தில் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது. நகைப் பட்டியல், கடை ரசீதுகளோடு. சீதனம் கேட்கும்போது இந்தப் பட்டியல்தான் பேசும்.

வாட்ஸ்அப் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மட்டும் வைத்தால் போதாது. முழு உரையாடலையும் சேமித்து, அந்த போனையும் பத்திரமாக வையுங்கள். மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் ஒன்று இணைக்க வேண்டும், பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு. என் போன் உடைந்தபோது எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன். குழந்தையின் பீஸ் கட்ட மறுத்து அவர் அனுப்பிய செய்திகள் அதோடு போய்விட்டன.

அப்புறம் இரண்டு பக்கத்தில், தேதி வாரியாக, நடந்ததைத் தமிழில் எழுதுங்கள். திருமணத் தேதி, சேர்ந்து வாழ்ந்த வீடுகள், பிரிந்த நாள், பேச்சுவார்த்தை நடந்த நாட்கள். வக்கீல் அறையில் அழுகை வந்து பாதி மறந்துவிடும். இந்தத் தாள் இருந்தால் மறக்காது.

ஒரிஜினல்களை யாரிடமும் விடாதீர்கள். விசாரணையில் அவற்றைச் சான்றாவணமாகக் குறியீடு செய்யும் நாளில் நீங்களே எடுத்துப் போனால் போதும்.

4. இலவச சட்ட உதவியை முதலில் கேளுங்கள்

பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் போன்றோருக்கும் வருமானம் பார்ப்பதில்லை. இதுபோன்ற பிரிவுகளில் வராத ஆண்களுக்கு மட்டும் வருமான உச்சவரம்பு உண்டு.

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். தாலுகா அளவில் வட்டச் சட்டப் பணிகள் குழு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஒரு வெள்ளைத்தாளில் தமிழில் மனு, ஆதார் நகல், உங்கள் கட்டின் ஒரு ஜெராக்ஸ். அவ்வளவுதான் எடுத்துப் போனேன். வக்கீல் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், நோட்டீஸ் அனுப்பும் பேட்டா, நகல் செலவு எல்லாம் இந்த உதவிக்குள் வரும்.

"ஓசி வக்கீல் ஒழுங்கா பார்க்க மாட்டார்" என்று என்னிடம் பத்துப் பேராவது சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டுத்தான் வளையலை அடகு வைத்தேன். பின்னால் எனக்குக் கிடைத்த சட்ட உதவி வக்கீல், மூன்று வாரத்தில் மனுவுக்கு நம்பர் வாங்கினார். எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் காசு கொடுத்தால் கவனிப்பார், கொடுக்காவிட்டால் கவனிக்க மாட்டார் என்ற கணக்கு தவறு. சரிப்பட்டு வரவில்லையென்றால் வேறு வக்கீலை நியமிக்கச் சொல்லி ஆணைக்குழுச் செயலரிடம் எழுதிக் கொடுக்கலாம். அவர் ஒரு நீதிபதி.

இங்கே ஒரு பொறி உண்டு. சட்ட உதவி வக்கீலோ குமாஸ்தாவோ உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. "டைப்பிங்குக்கு", "ஆபீஸ்ல கொடுக்கணும்" என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். செயலரிடம் சொல்லுங்கள்.

5. தனியார் வக்கீல் என்றால் மூன்று பேரையாவது பாருங்கள்

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது இந்திய வழக்கறிஞர் குழுமத்தின் விதி. இணையத்தில் வக்கீல்களைப் பட்டியல் போட்டு வேலை பிடித்துத் தரும் தளங்கள் மூலம் கட்சிக்காரர்களைத் தேடுவோர்மீது நடவடிக்கை எடுக்கும்படி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. ஆகவே "நம்பர் ஒன் விவாகரத்து வக்கீல்" என்று தேடலில் மேலே வருவதற்கு எந்த மதிப்பும் இல்லை.

நல்ல வழி, உங்கள் வழக்கு நடக்கப்போகும் நீதிமன்றத்தின் வராந்தாவில் ஒரு முற்பகல் நிற்பது. யார் நேரத்துக்கு வருகிறார், யார் கட்டைப் படித்துவிட்டுப் பேசுகிறார், யாருடைய கட்சிக்காரர்கள் வெளியே வந்து அவரைத் தேடிக்கொண்டு அலைகிறார்கள் என்று பாருங்கள். வழக்கு முடித்த பெண்களிடம் பேசுங்கள். அங்கே காத்திருப்பவர்கள் மனம் திறந்து சொல்வார்கள்.

சந்திக்கும்போது கேட்க வேண்டியவை: பதிவு எண் என்ன? இதே நீதிமன்றத்தில் குழந்தைக் காவல் வழக்கு நடத்தியிருக்கிறீர்களா? வாய்தாவுக்கு நீங்கள் வருவீர்களா, ஜூனியர் வருவாரா? குறுக்கு விசாரணை யார் செய்வார்? என் வழக்கில் பலவீனம் எது? கடைசிக் கேள்விக்கு "ஒண்ணுமே இல்லம்மா, நூறு சதவீதம் ஜெயிச்சிடலாம்" என்று பதில் வந்தால் எழுந்துவிடுங்கள்.

இன்னொன்று. எதிர்த்தரப்பைப் பற்றி இல்லாத குற்றச்சாட்டைச் சேர்த்தால் வழக்கு பலமாகும் என்று சிலர் சொல்வார்கள். கள்ளத்தொடர்பு, வரதட்சணை என்று எழுதிவிடுவார்கள். குறுக்கு விசாரணையில் நிற்கப்போவது நீங்கள், அவர்கள் அல்ல. ஒரு பொய் உடைந்தால் உங்கள் உண்மைகளையும் நீதிபதி சந்தேகிப்பார். குழந்தைக் காவலில் அது நேராக அடிக்கும். மனு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

6. கட்டணத்தைக் கட்டம் கட்டமாகப் பேசுங்கள்

எனக்குச் சொன்ன தொகைகளைச் சொல்கிறேன், ஊருக்கு ஊர் மாறும். பரஸ்பர சம்மதத்துக்கு 25,000 முதல் 50,000 வரை. ஒருவர் மட்டும் போட்டு மற்றவர் எதிர்க்கும் வழக்கு என்றால் 60,000 முதல் ஒன்றரை லட்சம் வரை. காவல் மனுவுக்குத் தனியாக 20,000 என்றார் ஒருவர், சேர்த்துத்தான் என்றார் இன்னொருவர். இந்த "சேர்த்தா, தனியா" என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

மொத்தமாகக் கொடுக்காதீர்கள். மனுவுக்கு நம்பர் விழுந்ததும் ஒரு பகுதி, இடைக்கால மனுக்கள் முடிந்ததும் ஒரு பகுதி, சாட்சி விசாரணை தொடங்கும்போது ஒரு பகுதி, வாதம் முடிந்ததும் மீதி. இதை ஒரு தாளிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் வாங்குங்கள். பணத்தை வங்கி அல்லது ஜி-பே மூலம் மட்டும் அனுப்புங்கள். நான் ரொக்கமாகக் கொடுத்தேன், அதற்கு இன்றுவரை என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

குடும்ப வழக்கில் நீதிமன்றக் கட்டணம் சிறிய தொகைதான். "கோர்ட் பீஸ் பத்தாயிரம்" என்றால் முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள். வரும் ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம் என்று பேசுவது வழக்கறிஞர் குழும விதிப்படியே தடை செய்யப்பட்டது. அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் பேசி முடித்த பரஸ்பர சம்மத வழக்கில் மனு எழுத மட்டும் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து, நீங்களே ஆஜராகலாம். காவலில் தகராறு இருந்தால் தனியாகப் போக வேண்டாம்.

7. வழக்குச் செலவை எதிர்த்தரப்பிடமே கேட்கலாம்

இந்து திருமணச் சட்டம் 24ஆம் பிரிவு. போதிய வருமானம் இல்லாத கணவனோ மனைவியோ, வழக்கு நடக்கும்போதே மாதப் பராமரிப்பும் வழக்குச் செலவும் கேட்கலாம். நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள், முடிந்தவரை, தீர்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. மாதம் 8,000 ரூபாயும் வழக்குச் செலவுக்கு 15,000 ரூபாயும் உத்தரவானது. சிறு வேலை பார்ப்பதால் கேட்கக் கூடாது என்று இல்லை.

2020இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, பராமரிப்பு வழக்கில் இருவரும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். பராமரிப்பும் மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும். அதனால் இந்த மனுவை முக்கிய மனுவோடு முதல் நாளே போடச் சொல்லுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் ஒவ்வொரு மாதமும் உங்கள் பணம் போகிறது. உங்கள் பத்திரத்தில் டியூஷன் வருமானம் வரை மறைக்காமல் எழுதுங்கள்.

விவாகரத்தே கேட்காமல் பராமரிப்பு மட்டும் வேண்டுமென்றால் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144ஆம் பிரிவு இருக்கிறது, முன்பு 125 என்று சொல்வார்களே, அதுதான். ஒரு இடத்தில் உத்தரவு வாங்கியிருந்தால் இன்னொரு இடத்தில் அதைச் சொல்லியாக வேண்டும்.

8. குழந்தை

நீதிமன்றம் பார்ப்பது குழந்தையின் நலனை மட்டும். ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் என்று இந்துக்களுக்கான 1956 சிறார், பாதுகாவலர் சட்டம் சொல்கிறது. அதற்கு மேல் யாருக்கும் உறுதி கிடையாது. சம்பளம் குறைவு என்பதற்காகக் குழந்தையைப் பறித்துவிடுவார்கள் என்று நான் பல இரவு தூங்கவில்லை. நீதிபதி கேட்டது வேறு: பள்ளிக்கு யார் கூட்டிப் போகிறீர்கள், காய்ச்சல் வந்தால் யார் பார்க்கிறார்கள், வீட்டில் படிக்க இடம் இருக்கிறதா. ஆசிரியர் சந்திப்புக் கையெழுத்து, மருத்துவர் சீட்டு, கட்டண ரசீது ஆகியவைதான் அங்கே உதவின.

வழக்கு முடியும்வரை இடைக்காலக் காவலும், மற்றவருக்குச் சந்திப்பு நேரமும் கேட்கலாம். தேதி, நேரம், இடம், கோடை விடுமுறை, பிறந்தநாள், வீடியோ கால் எல்லாம் உத்தரவில் எழுதியிருக்கட்டும். மொட்டையாக "வாரம் ஒருமுறை" என்றிருந்தால் ஒவ்வொரு வாரமும் சண்டை.

சந்திப்பு உத்தரவு இருக்கும்போது குழந்தையை அனுப்பாமல் இருக்காதீர்கள். கோபம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், அது உங்களுக்கு எதிராகவே பதிவாகும். குழந்தையிடம் "ஜட்ஜ் கேட்டா இப்படிச் சொல்லு" என்று சொல்லிக்கொடுக்கவும் வேண்டாம். நீதிபதி தனியே பேசும்போது தெரிந்துவிடும், அதைவிடக் குழந்தை அந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டு திரியும்.

பராமரிப்பு தராததால் சந்திப்பை நிறுத்துவதும், சந்திக்க விடாததால் பணத்தை நிறுத்துவதும் தவறு. இரண்டுக்கும் தனித்தனியாக மனு போட வேண்டும்.

9. போட்ட பிறகு நீங்களே கவனியுங்கள்

மனுவைத் தாக்கல் செய்ததும் கிடைப்பது எஸ்.ஆர். நம்பர். அது வழக்கு நம்பர் அல்ல. குறை இருந்தால் பேப்பர் ரிட்டர்ன் ஆகும், சரிசெய்து திரும்பப் போட வேண்டும். என் மனு அங்கேதான் ஐந்து மாதம் கிடந்தது. ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண் ஒன்று உண்டு. அதை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா, போன வாய்தாவில் நடந்தது எல்லாம் தெரியும். வக்கீலிடம் "போட்டாச்சா" என்று கேட்காதீர்கள், "சி.என்.ஆர். என்ன சார்?" என்று கேளுங்கள்.

தொடக்கத்தில் ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோ அனுப்புவார்கள். சேர்ந்து வாழ வற்புறுத்துவார்களோ என்று பயந்தேன். வேண்டாம் என்று அமைதியாகச் சொல்லலாம். பணமும் சந்திப்பு நேரமும் அங்கே பேசி முடிந்தால் வழக்கில் ஓராண்டு குறையும். எழுதியதைப் படிக்காமல் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். நகை திரும்பும் தேதி, குழந்தைப் படிப்புச் செலவு, மற்ற வழக்குகளை வாபஸ் வாங்குவது எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

வக்கீலை மாற்றுவது குற்றமில்லை. ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி, புதிய வக்காலத்துப் போடலாம். தர மறுத்தால் நீதிமன்ற அனுமதியோடு மாற்றலாம். பாக்கிக் கட்டணத்துக்காகக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை, உச்ச நீதிமன்றம் 2000இலேயே சொல்லியிருக்கிறது. முறைகேடு என்றால் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி வழக்கறிஞர் குழுமத்தில் புகார் கொடுக்கலாம்.

10. தீர்ப்பு நாள்

என் வழக்கு நம்பர் விழுந்ததிலிருந்து இரண்டு வருடம் நாலு மாதம் ஆயிற்று. தீர்ப்பு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு மனு போடுங்கள். மேல்முறையீட்டுக்கு நாள் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். அந்தக் காலம் முடியும்வரை மறுமணம் கூடாது. தீர்ப்பு, தீர்ப்பாணை (டிகிரி) இரண்டையும் வாங்குங்கள். மூன்று செட் கேளுங்கள். எனக்கு ஒன்று ரேஷன் கார்டில் பெயர் நீக்கப் போனது, ஒன்று மகளின் பள்ளிக்கு, ஒன்று அவளுடைய பாஸ்போர்ட்டுக்கு.